திருமலையில் தொடங்கு

ஆரணி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. அருங்காட்சியகத்துக்குப் போய், பத்துப் பக்கம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள் கல்லூரியில். "அங்க இருக்கிறதெல்லாம் மொபைல்லயே இருக்கு பெரியப்பா, ஒரு நாள் வீணாப் போகுது" என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. நாற்பது வருஷம் கிராஃப் தாளில் கரையும் புட்டாவும் போட்டுப் பிழைத்தவன் நான். பேசி விளக்குவதைவிட எழுதுவது எனக்குக் கொஞ்சம் எளிது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது, காலண்டரில் பார்த்த ஒரு மயிலை அப்படியே கிராஃப் தாளில் இறக்கினேன். தாளில் பார்க்க அழகாக இருந்தது. அட்டை குத்தி, ஜக்கார்டு பெட்டியில் ஏற்றி, தறியில் நெய்து வந்தபோது மயிலின் கழுத்து நீண்டு, உடல் ஒடுங்கி, வேறு ஏதோ பறவையாகிவிட்டது. ஒரு அங்குலத்தில் எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை இழை என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. இரண்டும் சமமாக இருந்தால்தான் சதுரக் கட்டத்தில் போட்ட உருவம் அதே உருவமாக வரும். இன்னொரு தப்பும் இருந்தது. தோகைக்குப் பின்னால் ஜரிகை இழை பிடிப்பில்லாமல் நீளமாக ஓடியது. அப்படி ஓடுகிற இழை கட்டுகிறவளின் வளையலிலும் மோதிரத்திலும் மாட்டி அறுந்துபோகும். தறிக்காரருக்கு மூன்று நாள் உழைப்பு போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. முந்தானையை விரித்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் மறுநாள் என்னைத் தறிப்பக்கம் விடவில்லை. பஸ் ஏற்றித் திருமலைக்கு அழைத்துப்போனார்.

திருமலை என்றால் உன் தோழிகள் திருப்பதியை நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது நம் ஊருக்குப் பக்கத்தில், போளூர் வட்டத்தில், வடமாதிமங்கலம் பக்கம் இருக்கும் மலை. ராஜராஜ சோழனின் அக்கா குந்தவையின் பெயரால் எழுந்த சமணக் கோயில் அங்கே இருக்கிறது. கல்வெட்டில் அதன் பெயர் குந்தவை ஜினாலயம். பாறையிலேயே செதுக்கிய நேமிநாதர் நிற்கிறார், பதினாறு அடி உயரம். ஊர்க்காரர்களுக்கு அவர் சிகாமணிநாதர். பாறையை ஒட்டிக் கட்டிய குகை அறைகளில் சுவரிலும் கூரையிலும் ஓவியங்கள். பெரும்பாலானவை விஜயநகர காலத்தவை என்பார்கள். நீயும் சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போயிருக்கிறாய். புளிசாதம் கட்டிக்கொண்டு போனது உனக்கு ஞாபகம் இருக்கும், கூரை ஞாபகம் இருக்காது. அதில் உன் குற்றம் ஒன்றுமில்லை. அண்ணாந்து பார் என்று யாரும் உன்னிடம் சொல்லவில்லை.

மாஸ்டர் என்னை அந்த ஓவியங்களுக்குக் கீழே நிறுத்தி ஒரே கேள்விதான் கேட்டார். "இதுல எந்தக் கோடு முதல்ல விழுந்திருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. அழகாக இருக்கிறது என்றேன். அதை நான் கேட்கவில்லை என்றார். அரை மணி நேரம் பார்த்தேன். கழுத்து வலித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கண் திறந்தது. பூச்சு பெயர்ந்துபோன ஒரு இடத்தில் பாறை தெரிந்தது, அதன்மேல் சுண்ணாம்புக் காரை, அதன்மேல் வண்ணம். வண்ணம் உதிர்ந்து கோடு மட்டும் நின்ற இடமும் இருந்தது, கோடு போய் வண்ணம் மட்டும் தங்கிய இடமும் இருந்தது. அந்தக் கை எதை முதலில் செய்தது, எதைக் கடைசியில் செய்தது என்பது அந்தச் சேதத்தில்தான் படிக்கக் கிடைத்தது. பூக்களை வரிசையாகப் போட்டுவந்தவருக்குக் கீழே இருந்தது மேடுபள்ளமான பாறை. நேர்கோடு அங்கே நேராகப் போகாது. ஒரு பூவைச் சற்று நெருக்கி, அடுத்ததைச் சற்று விரித்து, கீழே நிற்பவன் கண்ணுக்கு வரிசை குலையாமல் கொண்டுபோயிருந்தார். பாவும் ஊடையும் என் மயிலுக்குச் சொன்னதைத்தான் பாறை அவருக்குச் சொல்லியிருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டார். நான் கேட்கவில்லை.

பாப்பா, மொபைலில் உனக்குக் கிடைப்பது முடிந்துபோன படம். செய்தவன் எங்கே தயங்கினான், எதை மாற்றினான், பொருள் அவன் கையை எங்கே மறித்தது என்பதெல்லாம் பொருளில்தான் இருக்கிறது. அந்த நேமிநாதரைப் படத்தில் பார், நாலு விரல் உயரம். நேரில் காலடியில் நின்று முகத்தைப் பார்க்கத் தலையை எவ்வளவு சாய்க்க வேண்டியிருக்கிறது என்று கவனி. பார்ப்பவன் எங்கே நிற்பான் என்பதும் சிற்பியின் கணக்கில் சேர்ந்ததுதான். பத்து அடி தள்ளி நின்று பார்க்கும் முந்தானைக்கு ஒரு அளவு, கையில் எடுத்துப் பார்க்கும் புட்டாவுக்கு ஒரு அளவு என்று நாம் வைப்பதும் அதே கணக்கு. திரையில் எல்லாமே ஒரே அளவில் வந்து நிற்கும். அதிலேயே பழகிய பிள்ளைகள் போடும் டிசைன் புடவையில் ஏறும்போது, ஒன்று கத்துகிறது, இல்லாவிட்டால் காணாமல் போகிறது. எந்தச் சாஃப்ட்வேரில் போட்டாலும் இதுதான் நடக்கிறது. நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

திருமலையில் இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சமவசரண ஓவியம். தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சபை அது. சக்கரம் போன்ற ஒரு வட்டம், நடுவில் அவர், சுற்றிலும் வகுத்த பிரிவுகளில் கேட்க வந்தவர்கள். சமண மரபில் அந்தச் சபைக்குப் பன்னிரண்டு பிரிவு. தேவர், மனிதர், துறவிகள், விலங்குகள் என்று அத்தனை பேருக்கும் அங்கே இடம் உண்டு. ஒருவரை ஒருவர் மறைக்காமல், எல்லாரும் நடுவை நோக்கும்படி இத்தனை பேரை ஒரே படத்தில் உட்கார வைப்பது எப்படி? உங்கள் வகுப்பில் தகவலைப் படமாக்குவது என்று ஒரு பாடம் இருக்கிறதாமே, நீதான் சொன்னாய். அந்தப் பாடத்தில் உனக்கு வரும் சிக்கலை இங்கே ஒருவர் காரைச் சுவரில் தீர்த்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்னொன்று கல்வெட்டு. ராஜேந்திர சோழனின் படை கங்கை வரை போன செய்தியைச் சொல்லும் கல்வெட்டு இந்தத் திருமலையில்தான் இருக்கிறது. அவனுடைய ஆட்சியின் பதின்மூன்றாம் ஆண்டு, அதாவது கி.பி. 1025ஐ ஒட்டி வெட்டியது. சரித்திரக்காரர்கள் அந்த வெற்றிப் பட்டியலுக்காக அதைப் படிப்பார்கள். ஆனால் அந்தக் கல்லில் எழுத்து விழுந்த காரணம் வேறு. சாமுண்டப்பை என்ற ஒரு பெண், ஒரு வணிகரின் மனைவி, குந்தவை ஜினாலயத்துக்குக் கொடுத்த கொடை அது. விளக்கெரிக்கவும் பூசைக்கும் கொடுத்தாள். அரசனின் திக்குவிஜயம் முழுவதும் முடிந்த பிறகுதான் அவள் பெயர் வருகிறது. நீ எழுத்துரு படிக்க ஆசைப்படுகிறாய் இல்லையா? பாறையில் உளி பிடித்தவன் எழுத்தின் வளைவை எப்படி வாங்கினான், வரிக்கும் வரிக்கும் எவ்வளவு இடம் விட்டான், கல் கரடாக இருந்த இடத்தில் என்ன செய்தான் என்று உட்கார்ந்து பார். புள்ளி பெரும்பாலும் இருக்காது. இருந்தும் படிக்க முடிகிறது. எதனால் என்று யோசி.

இப்போது உன் பட்டணத்துக்கு வருகிறேன். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1850இல், அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைக்குப் பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. ஒரு ஊரில் கை பழகும் பள்ளியும் கண் பழகும் இடமும் அடுத்தடுத்த வருஷத்தில் வந்திருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். லண்டனிலும் அந்த வருஷங்களில் இதுதான் நடந்தது. 1851இல் அங்கே நடந்த பெரிய கண்காட்சியைத் தொடர்ந்து, 1852இல், பொருள் செய்கிறவர்களுக்குக் கண் பழக்கவென்றே ஒரு அருங்காட்சியகம் வைத்தார்கள். இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதிலிருந்து வளர்ந்தது. துணி டிசைனில் பெரிய பெயர் எடுத்த வில்லியம் மாரிஸ் அங்கேயே பழியாகக் கிடந்து படித்தவர். 1893இல் அர்தபில் என்ற ஈரானியக் கம்பளத்தை அந்த அருங்காட்சியகம் வாங்கியே தீரவேண்டும் என்று வாதாடியவரும் அவர்தான்.

இதே காலத்தில் நடந்த வேறொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இது தெரிந்த அன்று தூக்கம் வரவில்லை. ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் 1866இல் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டிப் பதினெட்டுத் தொகுதிகள் செய்தார். மொத்தம் எழுநூறு மாதிரி. தலைப்பாகை, வேட்டி, புடவை, மஸ்லின். ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், எடை, வாங்கிய ஊர், விலை எல்லாம் எழுதியிருந்தது. இப்படி இருபது செட். பதின்மூன்று பிரிட்டனின் ஆலை ஊர்களுக்குப் போயின, ஏழு இந்தியாவில் வைக்கப்பட்டன. இந்த இருபது செட்டையும் இருபது தொழில் அருங்காட்சியகங்கள் என்றே அவர் சொன்னார். இந்தியர்கள் என்ன உடுத்துகிறார்கள், கரை எங்கே நிற்கிறது, எந்த அகலம் எடுபடுகிறது என்று பார்த்து அங்கேயுள்ள ஆலைக்காரன் நெய்து நமக்கே விற்க வேண்டும். நோக்கம் அதுதான்.

நம் தறியில் விழுந்த துணி அது. நாம் அதைக் கட்டினோம், கிழிந்ததும் போட்டோம். அவர்கள் அதை மேசையில் விரித்து அளந்தார்கள். யார் உட்கார்ந்து அளந்து பார்த்தார்களோ அவர்கள் கைக்கு டிசைன் போயிற்று. அருங்காட்சியகத்தில் ஒரு நாள் வீண் என்று நீ சொன்னது எனக்கு ஏன் வலித்தது என்று இப்போது புரிகிறதா?

பிறகு நம்மவர்களும் விழித்துக்கொண்டார்கள். அகமதாபாத் என்ற ஆலை நகரத்தில் சாராபாய் குடும்பத்தார் 1949இல் துணிக்கென்றே காலிகோ அருங்காட்சியகத்தை வைத்தார்கள். புபுல் ஜெயகர் முன்னின்று 1956இல் நெசவாளர் சேவை மையங்களைத் தொடங்கியபோது, ஓவியர்களையும் நெசவாளர்களையும் ஒரே கூரையின்கீழ் உட்கார வைத்தார். 1980களில் மார்த்தாண்ட சிங் நடத்திய விஸ்வகர்மா கண்காட்சிகளுக்காக, அருங்காட்சியகங்களில் இருந்த பழந்துணிகளை முன்னால் வைத்துக்கொண்டு, இவற்றை இன்றைக்கு மறுபடி நெய்ய முடியுமா என்று நெசவாளர்களைக் கேட்டார்கள். நெய்தார்கள். கைவிட்டுப்போன சில வேலைப்பாடுகள் அப்படித்தான் திரும்ப வந்தன. ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் தறி போட்டதும் பழைய காஞ்சிப் புடவைகளின் கரையையும் நிறத்தையும் உட்கார்ந்து பார்த்த பிறகுதான்.

எழும்பூரில் நீ எங்கே தொடங்குவது? வெண்கலக் கூடம். அதிலும் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னால் போய் நில், சோழர் காலத்துச் செப்புத் திருமேனி. ஆண் பாதியில் இரண்டு கை, பெண் பாதியில் ஒரு கை. ஆண் பக்கம் ஆடை குட்டை, பெண் பக்கம் கணுக்கால் வரை இறங்குகிறது. இடுப்பு ஒரு பக்கம் ஒடுங்குகிறது, ஒரு பக்கம் அகலுகிறது. இத்தனை வேறுபாடு இருந்தும் உடம்பு ஒன்றாகத்தான் நிற்கிறது. நடுக்கோட்டை மேலிருந்து கீழே கண்ணால் இறக்கிப் பார். நம் வீட்டுத் தறியில் கோர்வை போடும்போது உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், நாடா தனித்தனி. இரண்டு பேர் உட்கார்ந்து இழைக்கு இழை கோர்த்தால்தான் சேரும் இடம் விட்டுப்போகாது. உன் தாத்தா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துத்தான் புடவையை மடிப்பார். அதே வேலையை ஒரு ஸ்தபதி மெழுகில் எப்படிச் செய்தார் என்று பார். அங்கிருக்கும் மற்ற திருமேனிகளின் இடையாடையில் கீறியிருக்கும் பட்டைகளையும் பூக்களையும் விட்டுவிடாதே. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய துணி நமக்குக் கிடைப்பது அரிது, அதன் சாயல் வெண்கலத்தில் தங்கியிருக்கிறது. நிறம் இருக்காது, மடிப்பு விழும் விதம் இருக்கும்.

போகும் விதத்தையும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போய் ஏமாறாதே. கூட்டாளிகளோடு போகாதே, முதல் முறையாவது தனியாகப் போ. எல்லாக் கூடத்தையும் சுற்றிவிட வேண்டும் என்ற ஆசையை விடு. ஒரு பொருள், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். போட்டோ எடுத்தால் கடைசியில் எடு. முதலிலேயே எடுத்துவிட்டால் கண் அப்போதே வேலையை நிறுத்திவிடும், மொபைலில்தான் இருக்கிறதே என்று நினைக்கும். பென்சிலால் போடு. உன் கோடு கோணலாகத்தான் வரும், பரவாயில்லை. கோணலாகப் போன இடத்தில்தான் அந்த வளைவு நீ நினைத்த வளைவு இல்லை என்று தெரியும். பக்கத்தில் எழுது: உயரம் எத்தனை சாண், எதை முதலில் செய்திருக்கிறார், எங்கே இடம் போதாமல் நெருக்கியிருக்கிறார், எதை வேண்டாம் என்று விட்டிருக்கிறார். பத்துப் பக்கமும் ஒரே பொருளாக இருந்தாலும் உன் ஆசிரியர் கோபிக்கமாட்டார். கோபித்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

1958இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஈம்ஸ் தம்பதியர், இந்தியாவுக்கு டிசைன் கல்வி எப்படி இருக்கவேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். அகமதாபாத்தில் தேசிய டிசைன் நிறுவனம் 1961இல் வருவதற்கு அதுவே அடிப்படை. அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து எழுதியது நம் வீட்டுச் சொம்பைப் பற்றி. எவ்வளவு நீர் பிடிக்கும், எப்படி இடுப்பில் நிற்கும், எப்படிச் சாயும், எப்படித் தேய்க்கலாம் என்று அடுக்கடுக்காகக் கேள்வி. நாம் தினமும் கையில் பிடித்த பொருளை வெளியிலிருந்து வந்தவர்கள் பார்த்த விதம் அது. அப்படிக் கேட்கும் பழக்கம் உனக்கு வர வேண்டும் என்றுதான் கல்லூரியில் அனுப்புகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்று எச்சரிக்கை. பார்த்ததை அப்படியே எடுத்து ஒட்டாதே. முன்பொரு முறை ரவி வர்மாவின் ஓவியத்தை அப்படியே பட்டு முந்தானையில் நெய்தார்கள். நெய்தவர்களின் கைத்திறமைக்கு நான் தலை வணங்குகிறேன், அது லேசான வேலை இல்லை. ஆனால் கான்வாசுக்கு என்று பிறந்த படம் மடிப்புக்குள் போகும்போது பாதி முகம் உள்ளே போய்விடுகிறது. புடவை மடியும், சுற்றும், தோளில் விழும். திருமலைக் கூரைப் பூவை எடுத்துக் கரையில் வைத்தால் உனக்கு ஒரு புடவை கிடைக்கும். மேடுபள்ளத்தில் வரிசையைக் காப்பாற்றிய அந்தக் கையின் கணக்கை எடுத்துக்கொண்டால் உனக்கு ஆயுசுக்கும் வேலை இருக்கிறது.

வாசலில் "பழைய பட்டுப்புடவை இருக்கா" என்று கேட்டுக்கொண்டு வருவார்களே, உனக்கு நினைவிருக்கும். ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காக வாங்கிப்போய் எரித்துவிடுவார்கள். நம் தெருவில் எத்தனை கரை, எத்தனை முந்தானை அப்படிச் சாம்பலாயிற்று என்று எனக்குக் கணக்கு இல்லை. நான் போட்ட பழைய கிராஃப் தாள்கள்கூட மழையில் நனைந்து பாதி போய்விட்டன. ஒரு ஊரின் டிசைன் இப்படித்தான் அழிகிறது, யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை.

உன் பாட்டியின் கல்யாணப் புடவையை மட்டும் கொடுக்கவில்லை. அரக்கு உடல், இரண்டு பக்கமும் தாழம்பூ ரேக்கு, முந்தானை மடிப்பில் இரண்டு இடம் இற்றுப்போயிருக்கிறது. நேற்று அதை எடுத்து நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றிப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தேன். பொங்கலுக்கு வரும்போது பெரிய நோட்டும், நல்ல பென்சிலும், அளவு நாடாவும் எடுத்து வா. ஒரு நாள் அந்தப் புடவையை விரித்து அளந்து வரைவோம். மறுநாள் வெயில் ஏறும் முன்னால் திருமலைக்குப் போவோம். மாஸ்டர் என்னைக் கேட்ட கேள்வியை அங்கே வைத்து உன்னைக் கேட்கப்போகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா